ஒன்பது கோல்களும் ஒரு குடியேற்ற நாடும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகரில் மாலை வேளையிற் பந்தடிக்கச் செல்லும் பிள்ளைகள் காலில் அணிவது சப்பாத்து. ஆட்டத்தைப் பார்க்கும் முதியவர் அமர்ந்திருப்பது கதிரை. இரு சொற்களும் போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச் சென்றவை. சொற்களை விட்டுச் சென்றவர்கள் அழித்துச் சென்றவையும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டு அவர்கள் எழுப்பிய கோட்டை, ஒல்லாந்தர் கைக்கும் பின்னர் ஆங்கிலேயர் கைக்கும் மாறி, இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. எமது பாடநூல்களிற் போர்த்துக்கேயர் காலம் 1505இல் தொடங்கி 1658இல் முடிந்துவிடுகிறது. பரீட்சை எழுதிய மாணவனும் அத்துடன் அவர்களை மறந்துவிடுகிறான். ஆனால் அப்பேரரசு அத்துடன் முடிந்துவிடவில்லை. இந்துமாக்கடலின் மறுகரையில், மொசாம்பிக்கில், அது 1975 வரை நீடித்தது.

இலங்கைக்கும் மொசாம்பிக்குக்கும் இடையிலான உறவு புதியதன்று. இரு நாட்டுக் கரையோரங்களையும் கோவாவிலிருந்த ஒரே இராசப்பிரதிநிதியே ஒருகாலத்தில் ஆண்டான். கிழக்காபிரிக்காவிலிருந்து ஆண்களைப் பிடித்துக் கோவா வழியாகக் கொண்டுவந்து இங்கு படைவீரராகவும் அடிமைகளாகவும் போர்த்துக்கேயர் வைத்திருந்தனர். புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழும் காப்பிரியர் சமூகத்தின் வேர் ஆபிரிக்கக் கரையில் இருக்கிறது. அவர்களுடைய பாட்டும் தாளமும் இன்றும் ஆராய்ச்சியாளரை ஈர்க்கின்றன. அவர்கள் ஏன் இங்கு வந்தார்கள் என்ற கேள்வியோ அவ்வளவாகக் கேட்கப்படுவதில்லை. மனித உடலின் வலிமையைக் கடல் கடந்து ஏற்றுமதி செய்தல் அப்பேரரசின் பழைய வழக்கம். அவ்வழக்கம் எமது காலத்தில் எவ்வடிவம் எடுத்தது என்பதை, உதைபந்தாட்ட உலகம் போற்றிய ஒரு முன்கள வீரரின் வரலாற்றைக்கொண்டு நாம் ஈண்டு நோக்க விரும்புகிறோம். அவர் யூசேபியோ.

யூசேபியோ டா சில்வா ஃபெரெய்ரா 1942 ஜனவரி 25ஆம் நாள் லொரென்சோ மார்க்கேஸ் நகரிற் பிறந்தார். இன்று அந்நகரின் பெயர் மபுட்டோ. அவர் பிறந்த பகுதி மஃபலாலா. அக்காலத்தில் அந்நகர் இரண்டாகப் பிளவுபட்டுக் கிடந்தது. வெள்ளையர் வாழ்ந்த பகுதி சீமெந்தால் ஆனது. கறுப்பர் வாழ்ந்த பகுதி நாணலாலும் தகரத்தாலும் ஆனது. மஃபலாலா நாணற் பகுதியைச் சேர்ந்தது. தந்தை அங்கோலாவிலிருந்து வந்த வெள்ளையர், புகையிரதத் தொழிலாளி. தாய் எலிசா கறுப்பினப் பெண். சிறுவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது தந்தை ஏற்புவலியால் இறந்தார். தாயின் உழைப்பிலே குடும்பம் தங்கியது. காலுறைக்குள் கடதாசியை அடைத்துப் பந்தாக்கி, வெறுங்காலுடன் மண் தரையில் ஆடினார்கள் அப்பகுதிப் பிள்ளைகள். தங்கள் குழுவுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பிரேசிலியர்’. ஆளும் நாட்டின் பெயரை விட்டு, கறுப்பரும் கலப்பினத்தவரும் புகழ்பெற்று விளங்கிய இன்னொரு நாட்டின் பெயரை அப்பிள்ளைகள் தேர்ந்தெடுத்தமை எமக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

அக்காலத்து மொசாம்பிக்கின் சட்டத்தைச் சற்றுப் பார்த்தல் வேண்டும். கறுப்பின மக்களிற் பெரும்பாலோர் ‘சுதேசிகள்’ எனப் பதியப்பட்டிருந்தனர், குடியுரிமை அவர்களுக்கில்லை. போர்த்துக்கேய மொழி பேசி, வருமானம் காட்டி, தம் மக்களின் வழக்கங்களைக் கைவிட்டதாக நிறுவிய கறுப்பர் ‘ஒன்றிணைந்தோர்’ ஆகலாம். 1950ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பல இலட்சம் மக்களுள் அவ்வாறு ஆனவர் 5,000 பேர்கூட இல்லை. ஏனையோரைக் கட்டாய வேலைக்குப் பிடித்துச் செல்ல அதிகாரிக்கு உரிமை இருந்தது. வடக்கிற் பருத்தி பயிரிடுமாறு குடியானவர் கட்டாயப்படுத்தப்பட்டனர். தெற்கிலோ ஆண்கள் தென்னாபிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டனர். இந்த ஒப்பந்தத்தின் உட்பொருள் கவனத்திற்குரியது. தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதி பிடித்துவைக்கப்பட்டது. அதனைத் தென்னாபிரிக்கா தங்கமாகப் போர்த்துக்கேய அரசுக்குச் செலுத்தியது. ஊர் திரும்பிய தொழிலாளிக்கோ உள்ளூர் நாணயமே கிடைத்தது. தங்கத்தின் உத்தியோகபூர்வ விலைக்கும் சந்தை விலைக்கும் இடையிலான இலாபம் லிஸ்பனின் திறைசேரிக்குப் போயிற்று. நிலத்தின் அடியில் உழைத்தவனுக்குத் தான் எவ்வளவு தங்கத்துக்கு விலையானான் என்பதே தெரியாது.

இப்பின்னணியிலேதான் உதைபந்தாட்டக் கழகங்களையும் வைத்துப் பார்க்க வேண்டும். லிஸ்பனின் பெருங்கழகங்களான பென்ஃபிகாவுக்கும் ஸ்போர்ட்டிங்கிற்கும் குடியேற்ற நாடுகளிற் கிளைகள் இருந்தன. லொரென்சோ மார்க்கேஸில் பென்ஃபிகாவின் கிளையான டெஸ்போர்த்திவோ, தேடிவந்த சிறுவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஸ்போர்ட்டிங்கின் கிளை சேர்த்துக்கொண்டது. அங்கு அவர் கோல்களைக் குவித்தார். சுற்றுப்பயணம் வந்த பிரேசிலியப் பயிற்றுநர் பவுவர் அவருடைய ஆட்டத்தைக் கண்டு வியந்து, லிஸ்பனில் ஒரு சிகையலங்காரக் கடையில் பென்ஃபிகாவின் பயிற்றுநர் பேலா குட்மானைச் சந்தித்தபோது செய்தியைச் சொன்னார் என்பது உதைபந்தாட்ட உலகம் விரும்பிச் சொல்லும் கதை. குட்மான் ஹங்கேரிய யூதர். நாசிகளின் காலத்திற் கட்டாய உழைப்பு முகாமிலிருந்து தப்பியவர். அத்தகைய முகாமிலிருந்து தப்பிய ஒருவர் குடியேற்ற நாட்டு இளைஞரை விலைபேசி வாங்க வேண்டியிருந்தது. வரலாறு இத்தகைய சந்திப்புகளை எளிதில் உண்டாக்கிவிடுகிறது.

1960 டிசம்பரில், 18 வயது நிரம்பிய யூசேபியோ விமானமேறி லிஸ்பன் வந்தார். அதே ஆண்டு ஜூன் 16ஆம் நாள் மொசாம்பிக்கின் வடக்கே முவேடா என்னுமிடத்தில், அதிகாரியிடம் முறையிடக் கூடிய குடியானவர்மீது போர்த்துக்கேயப் படை துப்பாக்கிப் பிரயோகஞ் செய்தது. அச்செய்தி லிஸ்பன் பத்திரிகைகளுக்கு உரியதாகவில்லை. பத்திரிகைகள் எழுதியது, புதிதாக வந்திறங்கிய முன்கள வீரர் யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி. ஸ்போர்ட்டிங் தன் கிளையின் ஆட்டக்காரர் தனக்கே உரியவர் என்றது. பென்ஃபிகா தாயாருடன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றது. கடத்திச் சென்றுவிடுவார்கள் என்றஞ்சிய பென்ஃபிகா, அவரைத் தெற்கே லாகோஸ் என்னும் கரையோர ஊரில் விடுதியொன்றில் மறைத்துவைத்தது. தந்திகளில் அவருக்கு ஒரு பெண்ணின் பெயரையே மறைபெயராக வழங்கினார்கள். இதனைச் சுவையான துப்பறியும் கதையாகச் சொல்வோர் பலர். எமக்கோ, இரண்டு கழகங்கள் வழக்காடிய அந்த மாதங்களில் அவ்விளைஞரின் விருப்பத்துக்கு இருந்த இடம் எவ்வளவு என்ற கேள்வியே முன்னிற்கிறது.

ஆட்டக்களத்தில் அவர் காலடி வைத்ததும் இக்கேள்விகளெல்லாம் ஆரவாரத்தில் மூழ்கிப்போயின. 1961 மே மாதத்தில் முதலாட்டத்திலேயே மூன்று கோல்கள். அடுத்த மாதம் பரிஸ் நகரில் பெலேயின் சான்டோஸ் கழகத்தை எதிர்த்த ஆட்டத்தில், தோல்வி உறுதியான நிலையில் மாற்று வீரராக இறக்கப்பட்டு மீண்டும் மூன்று கோல்கள். 1962 மே 2ஆம் நாள் அம்ஸ்ரடாமில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம்: ஸ்பானியாவின் ரியல் மட்ரிட்டுக்காகப் புஸ்காஸ் முற்பாதியிலேயே மூன்று கோல்கள் அடித்திருந்தார். பிற்பாதியில் சமநிலையை உண்டாக்கியவர் மொசாம்பிக்கில் பிறந்த கொலூனா; அதன்பின் இரு கோல்களை அடித்து 5–3 என்று வெற்றியை முடித்தவர் மொசாம்பிக்கில் பிறந்த யூசேபியோ. அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவின் பின்களத்தவர் எவரும் அவருடைய வேகத்தையும் வலக்கால் உதையின் வலிமையையும் ஒருங்கே தாங்கவல்லவராக இருக்கவில்லை. பென்ஃபிகாவுக்காக அவர் ஆடிய 440 முறைசார் ஆட்டங்களில் அடித்த கோல்கள் 473. கழகம் 11 முறை நாட்டுச் சம்பியனாயிற்று. ஏழு முறை அவரே போர்த்துக்கல்லின் அதிக கோல் அடித்தவர். ஐரோப்பா முழுவதிலும் அதிக கோல் அடித்தவருக்கான தங்கச் சப்பாத்து 1968இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது 42 கோல்களுடன் அதனைப் பெற்றவர் அவர். 1973இல் 40 கோல்களுடன் மீண்டும் பெற்றார். வெறுங்காலுடன் ஆடத் தொடங்கிய ஒருவருக்குத் தங்கத்தாற் சப்பாத்து.

1965ஆம் ஆண்டின் தலைசிறந்த ஐரோப்பிய வீரருக்கான தங்கப் பந்து அவருக்குக் கிடைத்தது. ‘ஐரோப்பிய’ என்ற சொல்லை வாசகர் கவனிப்பாராக. அதே 1965இல் மஃபலாலாவில் வளர்ந்த இன்னொருவரைப் போர்த்துக்கேய இரகசியப் பொலிசார் சிறையிலிட்டனர். அவர் கவிஞர் ஜோசே கிராவெய்ரீன்யா. அவருக்கும் தந்தை வெள்ளையர், தாய் கறுப்பினத்தவர். அவரும் உதைபந்தாட்டத்தில் ஈடுபாடு மிக்கவர். விளையாட்டுப் பத்திரிகையாளராகவும் இருந்தவர். கறுப்பு மக்களின் உழைப்பையும் சினத்தையும் கவிதையாக்கியதும் விடுதலை இயக்கத்தோடு உறவு கொண்டதும் அவர் செய்த குற்றம். 1969 வரை சிறை. ஒரே குடிசைப் பகுதியின் மைந்தர் இருவருள் காலால் பேசியவர் பேரரசுக்கு அணிகலனானார். வாயால் பேசியவர் பேரரசுக்குப் பகைவரானார்.

அணிகலன் என்பது மிகையன்று. உலகெங்கும் குடியேற்ற நாடுகள் விடுதலை பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. எமது துறைமுகத்திலிருந்தும் பிரித்தானியக் கடற்படை 1957 அக்டோபரில் வெளியேறியிருந்தது. 1961 டிசம்பரில் கோவாவை இந்தியா மீட்டது. அவ்வாண்டின் தொடக்கத்திலே அங்கோலாவில் ஆயுதப் போர் மூண்டிருந்தது. 1962இல் எட்வார்டோ மொன்ட்லேனின் தலைமையில் ஃபிரெலிமோ இயக்கம் உருவாகி, 1964 செப்டெம்பர் 25ஆம் நாள் மொசாம்பிக்கிலும் போர் தொடங்கிற்று. சலாசாரின் அரசோ, தன்னிடம் குடியேற்ற நாடுகளே இல்லை, ‘கடல்கடந்த மாகாணங்கள்’ மாத்திரமே உண்டு என்று 1951லேயே பெயரை மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. போர்த்துக்கேயருக்கு நிறவெறி கிடையாது, கறுப்பரும் வெள்ளையரும் அவர்களிடம் ஒரே குடும்பம் என்று உலக மன்றங்களிற் சாதிக்க அதற்குச் சான்று வேண்டியிருந்தது. பென்ஃபிகாவின் செஞ்சட்டையில் கொலூனாவும் யூசேபியோவும் தோளோடு தோள் நின்று ஐரோப்பாவை வெல்லும் காட்சியைவிட மலிவான சான்று வேறெங்கே கிடைக்கும்? வடக்கே குடியானவரின் கிராமங்கள் எரிந்துகொண்டிருக்கையில், லிஸ்பனின் மைதானத்திற் கறுப்பு வீரரைத் தோளிற் சுமந்து கொண்டாடினார்கள். இரண்டும் ஒரே அரசின் செயல்கள்.

1966ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த உலகக் கிண்ணப் போட்டி இம்முரண்பாட்டைப் பட்டப்பகலிற் காட்டிற்று. அப்போட்டியில் ஓர் ஆபிரிக்க நாடுகூடப் பங்குபற்றவில்லை. ஆபிரிக்கா முழுவதற்கும் நேரடியாக ஓரிடந்தானும் ஒதுக்க உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் மறுத்தமையால், நிக்ரூமாவின் கானா முன்னின்று அழைக்க, ஆபிரிக்க நாடுகள் போட்டியைப் பகிஷ்கரித்தன. ஆபிரிக்கா வெளியே நின்றது. ஆனால் அப்போட்டியில் அதிக கோல் அடித்தவர் ஆபிரிக்க மண்ணிற் பிறந்தவர். போர்த்துக்கல்லின் அணியில் மொசாம்பிக்கில் பிறந்தவர் நால்வர்: தலைவர் கொலூனா, பின்களத்தில் ஹிலாரியோவும் விசென்டேயும், முன்களத்தில் யூசேபியோ. உலகக் கிண்ணத்திற்கு முதன்முறை வந்த போர்த்துக்கல், உலகச் சம்பியனான பிரேசிலை 3–1 என வென்றது; அதில் இரண்டு அவருடையவை. சிறுபிள்ளைகளாகத் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயரை அன்று அவர் நினைத்திருப்பாரோ, நாம் அறியோம்.

ஜூலை 23ஆம் நாள் லிவர்பூலில் வட கொரியாவை எதிர்த்த ஆட்டம் நடந்தது. இருபத்தைந்து நிமிடங்களுள் கொரியர் மூன்று கோல்கள் அடித்து உலகைத் திகைக்கவைத்தனர். போரினாற் சிதைந்து பத்தாண்டுக்குச் சற்று மேலான காலத்தில் எழுந்து நின்ற ஒரு சிறிய ஆசிய நாட்டின் இளைஞருக்கு எமது அனுதாபம் இயல்பாகவே செல்கிறது. மறுபக்கத்தில் ஆடியவரோ ஓர் ஆபிரிக்கர். யூசேபியோ அடுத்தடுத்து நான்கு கோல்கள் அடித்தார். அவற்றுள் இரண்டு தண்ட உதைகள். கோல் அடித்ததும் கொண்டாட நில்லாது, வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டு அவர் மைதானத்தின் நடுவே ஓடிய காட்சியைப் பார்த்தவர் மறப்பதில்லை. 5–3 என்று போர்த்துக்கல் வென்றது. அரையிறுதியில் இங்கிலாந்திடம் 2–1 எனத் தோற்று, கண்ணீரைச் சட்டையால் துடைத்தபடி அவர் வெளியேறினார். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திற் சோவியத் அணியின் யாசினுக்கு எதிராகத் தண்ட உதையிற் கோல் அடித்தார். மொத்தம் ஒன்பது கோல்கள். அவ்வொன்பதும் போர்த்துக்கல்லின் கணக்கிலேயே எழுதப்பட்டுள்ளன.

இத்தகைய ஆட்டக்காரரை வாங்க இத்தாலியின் பெருங்கழகங்கள் வரிசையில் நின்றன. அவர் போகவில்லை, போக விடப்படவில்லை. சலாசார் தம்மை நாட்டின் சொத்தென்று கூறி வெளியே செல்ல அனுமதி மறுத்தார் என்று யூசேபியோ பிற்காலத்திற் சொல்லியிருக்கிறார். வட கொரியாவிடம் தோற்று அவமானப்பட்ட இத்தாலி 1966இன் பின் வெளிநாட்டு ஆட்டக்காரருக்குக் கதவையே அடைத்துவிட, எஞ்சியிருந்த வழியும் மூடியது. இங்கு நாம் தொழிலாளர் உரிமைப் பிரச்சினையொன்றைக் காண்கிறோம். ஆட்டக்காரர் கழகத்தின் உடைமை என்ற நிலை அன்று ஐரோப்பா எங்கும் இருந்தது. இங்கிலாந்திற் கிழமைக்கு 20 பவுண் என்ற உச்சக் கூலி வரம்பை ஆட்டக்காரரின் சங்கம் வேலைநிறுத்த எச்சரிக்கை விடுத்து 1961இல் நீக்குவித்தது. 1963இல் ஈஸ்ட்ஹாம் என்ற ஆட்டக்காரர் நீதிமன்றம் சென்று, கழகங்களின் பிடியைத் தளர்த்தினார். ஒப்பந்தம் முடிந்தபின் விலையின்றி வெளியேறும் உரிமை 1995இல் பொஸ்மன் வழக்கின் பின்னரே ஐரோப்பிய ஆட்டக்காரருக்குக் கிடைத்தது. சுதந்திரமான தொழிற்சங்கமே தடைசெய்யப்பட்டிருந்த சலாசாரின் நாட்டில், குடியேற்ற நாட்டிலிருந்து வந்த ஒருவர் யாரிடம் முறையிடுவார்? சுரங்கத் தொழிலாளியின் தங்கத்தைத் தன் திறைசேரியிற் பூட்டிய அதே அரசு, இவருடைய கால்களையும் பூட்டிவைத்தது. புகழும் வசதியும் அவருக்குக் கிடைத்தன என்பதை நாம் மறுக்கவில்லை. சுரங்கத்துக்குச் சென்றவனின் நிலையும் அவருடைய நிலையும் ஒன்றென்று கூறுவது பேதைமை. ஆயினும் தன் உழைப்பைத் தானே விலைபேசும் உரிமை இருவருக்கும் இல்லை.

அவர் எதிர்த்திருக்கலாகாதா என்று கேட்கும் இளைஞர் உண்டு. அவர்கள் அல்ஜீரியரான ரஷீத் மெக்லூஃபியைச் சுட்டுவர். 1945 மே மாதத்திற் பிரெஞ்சுப் படை மக்களைக் கொன்று குவித்த செதீஃப் நகரில் வளர்ந்து, சாந்தெத்தியேன் கழகத்தின் முன்கள வீரராகி, 1957இல் அதனைப் பிரெஞ்சுச் சம்பியனாக்கியவர் அவர். 1958இல் உலகக் கிண்ணத்துக்கான பிரெஞ்சு அணியில் இடம் காத்திருந்த வேளையில், அதற்கு இரு மாதங்களுக்கு முன்னர், வேறு அல்ஜீரிய ஆட்டக்காரருடன் எல்லை கடந்து தூனிஸ் சென்று, விடுதலை முன்னணியின் அணியிற் சேர்ந்தார். இல்லாத நாடொன்றின் கொடியுடன் நான்காண்டுகள் உலகைச் சுற்றி ஆடினார்கள். இச்செயல் மகத்தானது. ஆனால் மெக்லூஃபியின் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது. அதுவே வழியையும் வாகனத்தையும் தூனிஸில் வீட்டையும் ஏற்பாடு செய்தது. யூசேபியோ லிஸ்பனில் வந்திறங்கியபோது ஃபிரெலிமோ பிறக்கவேயில்லை. அது போரிடத் தொடங்கியபோது அவர் இரகசியப் பொலிசின் கண்முன்னே, உலகறிந்த முகத்துடன் வாழ்ந்தார். அவர் தியாகியல்லர், அதற்காக அவரைத் துரோகி என்பதும் நீதியாகாது. அரசியலில் அவர் வாய்மூடி இருந்தார் என்பதை மட்டும் மறையாது பதிவு செய்தல் வேண்டும். கோல்களை எண்ணிப் புகழ்பாடுவோர் அம்மௌனத்தை எண்ணுவதில்லை.

பலமுறை சத்திரசிகிச்சை செய்யப்பட்ட முழங்காலுடன் அவர் 1975 வரை பென்ஃபிகாவுக்கு ஆடினார். அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், குடியேற்றப் போர்களிற் சலித்த படையினரே லிஸ்பனிற் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தனர். 1975 ஜூன் 25ஆம் நாள் மொசாம்பிக் சுதந்திரம் பெற்றது. அந்த ஆண்டிலேதான் யூசேபியோ தாம் விரும்பிய நாட்டில் ஆடும் வாய்ப்பைப் பெற்றார்: பொஸ்ரன், மெக்சிக்கோவின் மொந்தெரே, 1976இல் கிண்ணம் வென்ற ரொறொன்ரோ, பின் லாஸ் வேகாஸ். தேய்ந்த கால்களுக்கு வந்த சுதந்திரம் அது. இளமையில் விலை மதிக்க முடியாதிருந்ததை, முதுமையின் வாசலில் டொலர் கணக்கில் விற்றுத் தீர்த்தார்.

அவருக்கு முன்னர் பென்ஃபிகாவுக்கு வந்து, களத்தில் அவருக்கு மூத்த தமையன் போல இருந்த கொலூனா வேறு வழி சென்றார். சுதந்திர மொசாம்பிக்குக்குத் திரும்பி, ஃபிரெலிமோவின் சார்பில் பாராளுமன்றத்தில் அமர்ந்து, நாட்டின் உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குத் தலைவராகவும் இருந்தார். அவர் தலைமை தாங்கிய போர்த்துக்கேய அணியைப் போல ஒன்றை மொசாம்பிக்கில் உருவாக்க அவரால் இயலவில்லை. உள்நாட்டுப் போர் அந்நாட்டை ஒன்றரைப் பத்தாண்டுகள் சூறையாடிற்று. உலகக் கிண்ண இறுதிச் சுற்றில் மொசாம்பிக் இதுவரை ஒரு முறையேனும் ஆடியதில்லை. அதன் மைந்தர் ஒன்பது கோல்கள் அடித்த போட்டியில் ஆடியது ஆண்ட நாடு. 1966இன் பகிஷ்கரிப்போ வீண்போகவில்லை. 1970 தொடக்கம் ஆபிரிக்காவுக்கு ஓரிடம் உறுதியாயிற்று.

யூசேபியோ 2014 ஜனவரி 5ஆம் நாள் லிஸ்பனில் இறந்தார். போர்த்துக்கல் மூன்று நாள் துக்கம் அனுட்டித்தது. 2015இல் அவருடைய உடல் அந்நாட்டின் தேசியப் பெருமக்கள் மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. உதைபந்தாட்ட வீரர் ஒருவர் அங்கு வைக்கப்பட்டது அதுவே முதன்முறை. நாட்டின் சொத்தென்று சலாசார் சொன்ன சொல்லை, அவர் நிறுவிய ஆட்சியை வீழ்த்திய குடியரசு வேறொரு பொருளில் நிறைவேற்றிற்று. கொலூனா அவருக்குப் பின் ஐம்பத்தொரு நாட்களே உயிர்வாழ்ந்து, 2014 பெப்ரவரி 25ஆம் நாள் மபுட்டோவில் இறந்தார்.